சக்கரத்துக்குள் மெழுகு

பல்செட்டுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. இதைச் சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்த மனுஷனுக்கு என்றைக்குத்தான் இருப்புக் கொண்டது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாற்காலி என்ற ஒன்றை எதற்காகச் செய்தார்கள் என்பது அவருக்கு இன்றுவரை விளங்காத சங்கதி. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டு வருவார். வீட்டுக்கு யாராவது வந்து பேசிக்கொண்டிருந்தால், பேசுகிறவர் வாயைப் பார்த்தபடியே மேஜைக்காலின் ஆட்டத்தைச் சரிசெய்வார். வாயைப் பார்ப்பது தொழில் பழக்கம். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பல்செட்டு வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

ஆனால் அன்றைய தவிப்பு வழக்கமான தவிப்பு இல்லை. மறுநாள் விடிந்ததும் அவருடைய மகள் புது வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறாள். அப்பாவின் பழைய காரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஒரு வருஷமாக அந்தக் காரின் கதவைக்கூடத் தொடாதவள் சொன்ன வார்த்தை அது.

"வண்டி நேரா நின்னா வர்றேன்" என்றுதான் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். பல்செட்டு வாயில் போட்டதை மெல்ல மறந்துபோனார். கனவா நனவா என்று மனைவியைப் பார்த்தார். மனைவி, கேட்காதது மாதிரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேசிக் கெடுத்துவிடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கார் மகளைவிட வயதில் ரொம்பப் பெரியது. உருண்டை விளக்குகளும், உப்பிய கன்னமும், சக்கரங்களில் கிண்ணம் கிண்ணமாகப் பளபளக்கும் மூடிகளும் கொண்டது. அவர் அதை உடைசல் விலைக்கு வாங்கி, ஒவ்வொரு ஆணியாகத் துடைத்து உயிர் கொடுத்தவர். பள்ளிக்கூடத்துக்கு மகளை அதில்தான் கொண்டுபோய் விட்டார், வளர்ந்த பிறகு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான். அவளுக்கு அதில் முன்சீட்டு, மனைவிக்கே பின்சீட்டுதான்.

போன மழைக்காலத்தில்தான் எல்லாம் கெட்டது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று மகள் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல, "ஒண்ணுமில்ல, பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று பூசி மெழுகினார். ஒண்ணுமில்ல என்பது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல். காய்ச்சல் வந்தாலும் ஒண்ணுமில்ல, கூரை ஒழுகினாலும் ஒண்ணுமில்ல. பாலத்துச் சரிவில் இறங்கும்போது அடைமழை. பழைய டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்து, வலது சக்கரம் பிடித்தது, இடது சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி அரைவட்டம் அடித்து, மகள் உட்கார்ந்திருந்த பக்கத்தை விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் மோதியது. கதவு உள்ளே குழிந்தது. மகளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவள் டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக ஏறி இறங்கி, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருக்கலாம். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள், அவ்வளவுதான்.

கதவைத் தட்டி நிமிர்த்திச் சாயம் அடித்துவிட்டார். மகளை எங்கே தட்டி நிமிர்த்துவது?

அதனால்தான் முன்சக்கரங்களின் டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுவது என்று முடிவு செய்தார். மனைவியின் தம்பி மெக்கானிக். சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன், கை சுத்தமானவன், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் சாமான்களை வரவழைத்துக் கொண்டுவந்து இறக்கினான். சக்கரத்தோடு சுழல்கிற தட்டு ஒன்று, அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்வி ஒன்று. கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். விஷயம் அந்தக் காலிப்பரில்தான் வந்து நின்றது. டிரம் இருந்த இடத்தில் அது உட்கார்ந்தபோது, சக்கரத்தின் உள்வளைவுக்கு மிக நெருக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"மாமா, இந்தச் சக்கரம் பத்தாது. ஒரு அளவு பெரிய வீல் போட்டுடலாம். என் பட்டறையிலயே நாலு இருக்கு" என்றான் மச்சினன். ஒரு பெரிய வீலைக் கொண்டுவந்து மாட்டியும் காட்டினான்.

பல்செட்டு தெருவுக்குப் போய், எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று வண்டியைப் பார்த்தார். கன்னம் உப்பிய அந்த அழகு முகத்தில் எடுப்புப் பல் வைத்த மாதிரி இருந்தது. தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எடுப்புப் பல்லை அடக்கிக் கொடுத்தவர் அவர். தன் வண்டிக்குத் தானே எடுப்புப் பல் வைப்பதா? முடியவே முடியாது என்றார். முன்பல்லை மாற்றினால் மூஞ்சியே மாறிவிடும் என்று தொழில் ஞானத்தைச் சொன்னார்.

"மூஞ்சியப் பாத்து வண்டி நிக்காது மாமா" என்றான் அவன். பிறகு, பிரேக்குக்கு நான் பொறுப்பு, சக்கரத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று கையைத் துடைத்துக்கொண்டு, யாருடைய கல்யாணத்துக்கோ குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டான். பட்டறைக்குப் பூட்டு. மகள் கிளம்புகிற நாள் மதியம்தான் திரும்புவான்.

பழைய சக்கரமே மாட்டலாமா என்று பார்க்கும் வேலையை அவர் தன் பாணியில் செய்தார். பல்செட் செய்கிறவர்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே முட்டுகின்றன என்பதை மெழுகு வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். சிவப்பு மெழுகுத் தகட்டை விளக்கில் வாட்டி நடுவில் வைத்து, கடித்துப் பாருங்கள் என்பார்கள். கடித்த பிறகு மெழுகு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே இடம் போதவில்லை. பல்செட்டு அதே மெழுகைக் காலிப்பரின் துருத்திய முதுகில் ஒட்டினார். வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றினார். கழற்றினார். மெழுகில் ஒரு வழவழப்பான தடம் விழுந்திருந்தது. அந்த இடத்தைக் கத்தியால் நறுக்கி எடுத்துத் தடிமனை அளந்தார்.

ஒன்றரை மில்லிமீட்டர்.

சாமானோடு வந்த தாளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிக்க மாட்டாரா பின்னே? ஒரு தலைமுடி கனத்துக்குப் பல் உயர்ந்தாலும் வாய் கண்டுபிடித்துவிடும். அந்தத் தலைமுடியைத் தேய்த்துத்தான் அவர் காலம் தள்ளுகிறார். அவர் கணக்கில் ஒன்றரை மில்லி என்பது பெரிய மைதானம். அதில் ஆடு மாடு மேய்க்கலாம். இரும்படிக்கிறவர்கள் இரும்பு அளவில் பேசுகிறார்கள், நாம் பல் அளவில் பார்க்கிறவர்கள் என்று மனைவியிடம் பெருமையடித்தார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார், பழைய சக்கரங்களையே மாட்டினார், கிண்ண மூடிகளைத் துணியால் துடைத்துப் பொருத்தினார். வண்டி பழைய மூஞ்சியோடு சிரித்தது.

அன்று காலை அதை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கப் போனார்.

நேராக நின்றது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட சாலையில் வேகமாகப் போய், காலை வைத்து அமுக்கினார். வண்டி கோடு போட்டது மாதிரி, இடம் வலம் அசையாமல் நின்றது. திரும்பிப் போய் மறுபடி அமுக்கினார். ஸ்டியரிங்கைப் பிடிக்காமலே அமுக்கிப் பார்த்தார். நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் அழுதார் என்று சொன்னாலும் பொய்யில்லை.

திரும்புகிற வழியில் மனைவி வாங்கிவரச் சொன்ன பெட்டிப் பூட்டு ஞாபகம் வந்தது. கூடவே பட்டறைக்கு வேண்டிய பிளாஸ்டர் மூட்டைகளும் ஞாபகம் வந்தன. நாலு மூட்டை. இரண்டைப் பின்சீட்டிலும் இரண்டை டிக்கியிலும் ஏற்றினார். கடைவீதி முனையில் இடது பக்கம் வளைத்துத் திருப்பினார்.

டிக். டிக். டிக்.

வளைவு முடிந்ததும் நின்றுவிட்டது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக வளைத்தார். டிக், டிக், டிக் என்று வலது முன்சக்கரத்தின் உள்ளிருந்து, பல்லால் கரண்டியைக் கடிக்கிற மாதிரி வந்தது.

ஒரு பெரிய கடையின் பின்னால் வண்டிகள் நிறுத்தும் மைதானம் காலியாகக் கிடந்தது. அதற்குள் நுழைந்து இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்டார். சத்தம் வந்தது. மூட்டைகளை இறக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சுற்றினார். வரவில்லை. மறுபடி ஏற்றிச் சுற்றினார். வந்தது. வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியாக, மூன்றாவது தடவை மூட்டையை இறக்கும்போது காவல்காரர் வந்து, என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்றார்.

மூட்டைமேலேயே உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. எந்த டாக்டர் போன் செய்து, அச்சில் சரியாக உட்கார்ந்த செட் வாயில் ஏன் முட்டுகிறது என்று கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். அச்சு வேறு, வாய் வேறு. அச்சு சும்மா இருக்கும், வாய் மெல்லும், பாரம் விழும், பக்கவாட்டில் அசையும். ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் வண்டியை ஜாக்கியில் அந்தரத்தில் தொங்கவிட்டு, காற்றில் சக்கரத்தைச் சுற்றி அளந்திருக்கிறார். பாரம் ஏறி வண்டி வளைந்து திரும்பும்போது சக்கரம் கொஞ்சம் நெளியும், அதைத் தாங்குகிற பேரிங் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒன்றரை மில்லி மைதானத்தில் மேய்க்க ஆடும் இல்லை, மாடும் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மச்சினனுக்குப் போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம். ஆபத்தா என்று மட்டும் கேட்டார். இன்றைக்கே உடைந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் உரச உரச ரிம்மைச் சீவும், சூடாகும், என்றைக்காவது ஒரு வளைவில் கவ்விக்கொண்டாலும் கவ்விக்கொள்ளும் என்றான் அவன். நாளை மதியம் வந்ததும் பெரிய வீலை மாட்டித் தருவதாகவும் சொன்னான். காலையில் கிளம்ப வேண்டுமே என்றார்.

"மாமா, பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றான் அவன். நீளமான வாய் அன்று அதோடு முடித்துக்கொண்டது.

மூட்டைகளை மறுபடி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசல் பக்கம் சரிவாக இறங்குகிற சிமெண்டுத் தரையில், வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மகள் தன் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதன்மேல் அவளுடைய தலையணை. முன்சீட்டில் சாய்ந்து தூங்க அவள் சின்ன வயதில் எடுத்துவந்த மாதிரி. பல்செட்டு அதைப் பார்த்தார். வண்டியை ஏற்றத்தில் ஏற்றி, பின்சக்கரத்துக்கு வழக்கமான மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு, மறுபடி உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்.

மகள் ஜன்னலிலிருந்து, நேராக நிற்கிறதா என்று கேட்டாள்.

"நிக்குது" என்றார்.

பொய்யில்லையே. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவருக்கு அதன் பிறகு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. பட்டறைக்குப் போய் பாதியில் கிடந்த ஒரு மேல்செட்டை எடுத்துத் தேய்த்தார். தேய்க்கக் கூடாத பல்லைத் தேய்த்துவிட்டார். கூடத்துக்கு வந்தார். கொல்லைக்குப் போனார். குழாயைத் திறந்து மூடினார். வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். ஒரு நாளாவது இடித்த புளி மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா என்று அலுத்துக்கொண்டாள்.

கால்கள் அலைந்தன, மனசு அதைவிட வேகமாகக் கணக்குப் போட்டது. போகிற சாலை முக்கால்வாசி நேர்ச்சாலை. வளைவுகளில் மெதுவாகப் போனால் சத்தமே வராது. பெட்டியைப் பின்னால் வைக்காமல் இடப்பக்கம் வைத்தால் வலது சக்கரத்துக்குப் பாரம் குறையும். பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்துவிட்டால் கேட்கவே கேட்காது. கொண்டுபோய் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்து வீலை மாற்றிக்கொண்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? நாளை ஒரு நாள். இதை விட்டால் அவள் மறுபடி எப்போது வருவாள்? புது ஊர், புது வேலை, புது சிநேகிதம். பஸ் ஏறிப் பழகினவள் பஸ் ஏறியே போய்விடுவாள். ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு முன்சீட்டு.

கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஏனென்றால் போன மழைக்காலத்திலும் கணக்கு சரியாகத்தான் வந்திருந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய் வலது சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரின் முதுகில் ஒரு நகம் அகலத்துக்குச் சாயம் போய், இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ரிம்மின் உள்ளே விரலை விட்டுத் தடவினார். ஒரு மெல்லிய கோடு விரலில் தட்டுப்பட்டது. தலைமுடி கனம் இருக்கும். விரல் அதை வாயைப் போலவே கண்டுபிடித்தது. எடுக்க மனசில்லாமல் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"என்னப்பா மறுபடி கழட்டிட்டீங்க?"

மகள் பெட்டிப் பூட்டைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். அவர் திரும்பினார். வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்தது. 'ஒண்ணு' வரை வந்துவிட்டது.

"ஒண்ணு இருக்கு கண்ணு" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பிரேக் நல்லாப் பிடிக்குது. நேரா நிக்குது. ஆனா ஆளும் பாரமும் ஏறி வளைஞ்சா, சக்கரம் உள்ள உரசுது. நான்தான் சரியா பாக்கல. நாளைக்கு இதுல உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீ பஸ்ல போயிடு."

சொல்லி முடித்துவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்ப்பட்ட வாய்களை உற்றுப் பார்த்தவர், கையில் இருந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே போய்விடுவாள், பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார்.

சத்தம் கேட்கவில்லை. அவள் கீழே குந்தி உட்கார்ந்து காலிப்பரைப் பார்த்தாள். பளிச்சென்ற இடத்தைத் தொட்டாள்.

"எவ்வளவு உரசுது?"

அதைத்தான் இன்னும் பார்க்க வேண்டும் என்றார் அவர். அந்தரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரியாது. மெழுகை ஒட்டி, சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கி, பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிக்கொண்டு வண்டியை இந்தச் சரிவில் கொஞ்சம் உருளவிட்டு, பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு ஆள் வேண்டும், உன் அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, மாமன் நாளைக்கு வந்ததும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போனார். பதற்றத்தில் தேவையில்லாததையெல்லாம் சொன்னார். காலையில் மைதானத்தைச் சுற்றியதையும் காவல்காரரையும் மூட்டைகளையும் சொன்னார். மூட்டை ஏற்றி ஏற்றி இறக்கிய கதையைக் கேட்டபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மெழுக ஒட்டுங்க" என்றாள்.

அவர் விளக்கில் மெழுகை வாட்டிக்கொண்டு வந்து ஒட்டினார். சக்கரத்தை மாட்டி, முடுக்கி, ஜாக்கியை இறக்கினார். நிமிர்ந்தபோது மகள் தன் பெரிய பெட்டியைப் பின்சீட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள், மூட்டைகளின்மேல். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் கதவின் கைப்பிடியில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள். சீட்டு கிரீச்சென்றது.

"கட்டைய எடுங்கப்பா."

எடுக்கும் முன் அவர் பெடலை ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். சொல்ல வந்தது அமுக்கு என்றுதான். தொழில் வாய், "எங்க, நல்லாக் கடி" என்றது.

"நான் பேஷண்ட் இல்லப்பா" என்றாள் உள்ளிருந்து. அந்தக் குரலில் ஒரு வருஷத்துக்கு முந்தைய ஏதோ இருந்தது. அவர் கட்டையை எடுத்துக்கொண்டு, சரிவின் கீழே வாசல் கதவருகில் போய், வண்டிக்கு நேர் பின்னால் நின்றார். நின்ற பிறகுதான் தான் நிற்கிற இடம் அவருக்கே தெரிந்தது. மகள் கண்ணாடியில் பார்த்து, அங்கே ஏன் நிற்கிறீர்கள், நகருங்கள் என்றாள். பரவாயில்லை, விடு என்றார் அவர். இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினாள். கைப்பிரேக்கை இறக்கினாள். காலை எடுத்தாள்.

வண்டி பாரத்தோடு பின்னால் உருண்டது. டயர் தரையை அரைத்தது. மூன்று அடி, நாலு அடி. உள்ளே எங்கோ ஒரு டிக். அவள் அமுக்கினாள். வண்டி நின்றது. அவர் முட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் பெட்டி வைக்கிற அளவு இடம் இருந்தது. அவர் நகரவே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

கட்டையைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, பட்டறைக்கு ஓடிப்போய் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துவந்தார். வலது சக்கரத்தின் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்தார். ரிம்மில் இருந்த நீள ஓட்டை வழியாகக் கண்ணாடிக் காம்பை உள்ளே நுழைத்து, வெளிச்சத்தைக் காட்டினார். மெழுகு இரண்டாகப் பிளந்து, நடுவில் இரும்பு தெரிந்தது. ஒன்றரையும் இல்லை, அரையும் இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை. சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"முட்டுது" என்றார்.

"அப்ப மாமா சொன்ன பெரிய வீல போட்டுடுங்க."

"மூஞ்சி கெட்டுடும் கண்ணு. எடுப்புப் பல்லாத் தெரியும்."

"தெரிஞ்சாத் தெரியட்டும். மாத்திட்டு, முதல் லீவுக்கு வந்து என்னக் கூட்டிட்டுப் போங்க. பஸ் எனக்கு அலுத்துப்போச்சு."

சிமெண்டுத் தரை பகல் வெயிலில் இன்னும் சூடாக இருந்தது. முகத்துக்கு நேரே அந்தப் பளபளப்பான கிண்ண மூடி. அதில் அவர் முகம் அகலமாக, கோணலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் அவள் பார்த்துவிடுவாள். அதனால் துடைக்கவில்லை.

"கட்டை வெச்சிருக்கேன். கால எடுத்துடு. இறங்கிக்கோ" என்றார் சற்றுப் பொறுத்து.

கதவு திறக்கவில்லை. சீட்டு கிரீச்சிடவில்லை. மேலே அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவரும் அப்படியே கிடந்தார். எழுந்தால் அவள் இறங்கிவிடுவாளோ என்று, வாய்க் கண்ணாடியைச் சக்கரத்துக்குள் விட்டபடி, கைகூட அசைக்காமல் கிடந்தார்.

விளக்குப் போட வாசலுக்கு வந்த மனைவி, பின்சீட்டில் பெட்டியையும் முன்சீட்டில் மகளையும் தரையில் நீட்டிக் கிடக்கிற கால்களையும் பார்த்துத் திடுக்கிட்டாள். முப்பது வருஷத்தில் அந்தக் கால்கள் அசையாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"என்னடி இது, மனுஷன் அசையவே காணோம்?"

"சும்மா இரும்மா" என்றாள் மகள். "நான் இன்னும் பிரேக்க விடல."